தம்பி காவல் நின்ற காடு

1958 டிசம்பர் 12, வெள்ளி
காலையிலிருந்தே தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. நேற்றுத்தான் தேக்கடியிலிருந்து திரும்பினோம். மிளகு வாங்க வந்த பம்பாய் சேட்டுக்குக் காடு காட்ட இவர் கூட்டிப்போனார். சேட்டம்மாவுக்குத் துணையாக நான்.

ஏரியில் படகு. தம்பி காதர் அங்கே வாச்சர். காக்கி உடுப்பில் இப்போதுதான் பார்க்கிறேன். கரையில் ஆனைக்கூட்டம். சேட்டம்மா கை தட்டினாள். காதர், "ஒச்ச வைக்காதீங்கம்மா, குட்டி பால் குடிக்குது" என்றான். கொச்சி மட்டாஞ்சேரிச் சந்தில் இவருடைய மிளகுக் கிடங்கு நெடியிலேயே கிடப்பவள் நான். கண்ணை எடுக்க முடியவில்லை.

சேட்டு இவர் காதில் என்னவோ கேட்டார். இவர் தலையாட்டினார்.

டிச. 20, சனி
காதரைச் சுட்டுவிட்டார்கள். ஆனையைக் கொன்று கொம்பு அறுத்தவர்களை மறித்திருக்கிறான். தொடையில் குண்டு. கொம்போடு ஓடிவிட்டார்களாம். எர்ணாகுளம் ஆஸ்பத்திரி. போட் பிடித்து ஓடினேன்.

டிச. 22, திங்கள்
வலது காலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் பேச்செல்லாம் ஆனையைப் பற்றி. "உசுரு போகல்லக்கா. கண்ணு முழிச்சிருக்கும்போதே அறுத்தானுங்க."

டிச. 24, புதன்
காதருக்கு இருமல். சுக்குக்காபி போடலாம் என்று கிடங்குக்குப் போனேன். மலையிலிருந்து வந்த சுக்கு மூட்டை, புதுசு. கையை விட்டேன். வழவழவென்று, சில்லென்று, நீளமாக. அடியில் காய்ந்த ரத்தம். நாற்றம். இரண்டு கொம்பு. சாக்கு வாயைக் கட்டிவிட்டு வந்தேன்.

மத்தியானம் இவர் சாப்பிடும்போது கேட்டேன்.

"சேட்டு கொம்புக்கு ஆசைப்பட்டாரு. மலையில ஆளுங்களுக்குச் சொல்லிவிட்டேன். காதர் அங்க வந்து மறிப்பான்னு எனக்கென்ன தெரியும்?"

"எந் தம்பிக்குக் காலு போச்சு."

"சுட்டது நானா? தெனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்குறேன்ல?"

மீன்கறி இன்னும் கொஞ்சம் கேட்டார். ஊற்றினேன்.

டிச. 26, வெள்ளி
இவர் ஜும்மாவுக்குப் போனதும் கிளம்பினேன். முதலில் ஆஸ்பத்திரியில் காதரிடம் சொன்னேன்.

"மச்சானை உள்ள வச்சிருவாங்கக்கா. பிள்ளைங்க என்ன ஆகும்?"

"அப்ப பேசாம இருக்கவா? சொல்லு."

அழுதான்.

காட்டிலாகா ஆபீசுக்கு நடந்தே போனேன். அங்கிருந்தவர், "சேச்சி, சொந்தப் புருஷனைப் பத்தியா சொல்றீங்க?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார். ஆமாம் என்றேன்.

டிச. 27, சனி
நல்ல வெயில். ஜீப்பில் வந்தார்கள். கொம்பைச் சாக்கோடு எடுத்துப்போனார்கள். இவரையும். ஏறும்போது என்னிடம், "பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

சேட்டு முன்னாடியே ரயிலேறிவிட்டாராம். மாமியார் அறையைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்துகிறார்: "என் மகனைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டியேடி!" சின்னவள் அத்தா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சாயங்காலம் காதருக்குச் சோறு கொண்டுபோனேன். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களாம், ஒற்றைக் காலோடு காட்டில் என்ன செய்வான். நடந்ததைச் சொன்னேன். பிசைந்து ஊட்டப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மச்சானைக் காட்டிக்குடுன்னு நான் கேட்டேனாக்கா?"

நாளைக்கும் சோறு கொண்டுபோகணும்.