என்ஜின் ஏன் சூடாக இருந்தது

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை வேண்டாமல் இருக்க முடியுமா.

எங்களைக் கேட்காமல் நம் படகை விற்க விளம்பரம் போட்டுவிட்டாயே, அதுதான் கோபம். அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, படகு ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னது உண்மைதான், உன் பயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் நேற்று பார்க்க வந்த கணவன் மனைவியை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மாள் செருப்புக் காலோடு படகின் அறைக்குள் இறங்கி, நீ சின்ன வயதில் தூங்கிய படுக்கையைத் தட்டிப் பார்த்து, இதைப் பிடுங்கிவிட்டு ஃப்ரிட்ஜ் வைக்கலாம் என்றாள். அப்பாவோ கேட்காத குறையெல்லாம் தானே சொல்லிக்கொண்டிருந்தார், ஜன்னல் ஓரம் ஒழுகும், பம்ப் மாற்ற வேண்டும் என்று. அவரைப் போய் ஏமாற்றுக்காரர் என்றால் எனக்கு எப்படி இருக்கும். பழைய டீசல் என்ஜின் குளிர்ந்திருந்தால் லேசில் கிளம்பாது, அதை மறைக்கச் சிலர் ஆள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்களாம். அந்த மனிதர் மூடியைத் திறந்து என்ஜின் மேல் கை வைத்து, "சூடா இருக்கே பெரியவரே. இந்த வித்தையெல்லாம் நாங்களும் பார்த்தவங்கதான்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இரண்டு பேரையும் இறங்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு ஏன் சூடாக இருந்தது என்று கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு சுற்றுப் போய்வந்தாராம். நான் காய் வாங்கப் போன நேரத்தில், எதிரே வருவது தெரியாத கண்ணோடு, தன்னந்தனியாக. திட்டித் தீர்த்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளை விட்டுவிட்டுப் போக எப்படி மனம் வந்தது என்றேன். "நீ கூட வந்தா விக்க மனசு வராதுடி" என்றார்.

இன்று காலை ஸ்டியரிங்கை நான் பிடித்தேன். அவர் பக்கத்தில் நின்று, என்ஜின் சத்தத்தை வைத்தே எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்று சொன்னார். திரும்பும்போது துறைக் கட்டையில் இடித்து முன்பக்கம் பெயின்ட் போய்விட்டது. முறையாக ஓட்டக் கற்றுக்கொள்ளப் பயிற்சிக்கும் பேர் கொடுத்துவிட்டேன், சிரிக்காதே.

பல் வலியைத் தள்ளிப்போடாமல் போய்க் காட்டு. இருவரும் குறைவில்லாமல் வாழுங்கள். விளம்பரத்தை இன்றே எடுத்துவிடு. படகுச் சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது, அப்பா கேட்டாலும் தரமாட்டேன், போவதென்றால் என்னோடுதான்.

உன் அம்மா