துரைசாணிக்கு எழுதிய யானை உவமை

பூனாகலை
1921 நவம்பர் 8

என் அருமை மகள் பாக்கியலெட்சுமிக்கு அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம், ஆட்டுக்குட்டிகள் இரண்டும் சுகம், மழைதான் விடுகிறதாக இல்லை. கொழும்பில் உனக்கு அந்த இருமல் நின்றுவிட்டதா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. அம்மா மிளகுப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், கொழும்புக்கு வரும் கிளாக்கர் கையில் கொடுத்தனுப்புகிறோம், தோழிகளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடாமல் நீ சாப்பிடு.

பயிற்சிப் பள்ளியில் ஆங்கிலப் பாட்டில் வரும் அணிகளின் பெயர்களையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள், சிமிலி, மெட்டஃபர், ஹைப்பர்போலி என்று ஒப்பித்து ஒப்பித்து வாய் வலிக்கிறது, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று எழுதியிருந்தாய். பயப்படாதே, உவமையும் உருவகமும்தான் அங்கே சட்டை மாட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் கங்காணி சிறுத்தையை விரட்டிய கதை சொல்லும்போதெல்லாம் ஒன்றைப் பத்தாக்குகிறானே, அது சுத்தமான ஹைப்பர்போலி. பிரயோஜனம் என்ன என்றாயே, அது எனக்கு இந்தத் தீபாவளியன்று தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் நான் செய்த ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், கோபித்துக்கொள்ளாதே.

வருஷா வருஷம் தீபாவளிக்கு நம் தோட்டத்துத் துரைக்கு மாலை போட்டு வாழ்த்துப் பத்திரம் வாசிப்பது வழக்கம்தானே. இந்த வருஷம் அதன் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருந்தது உனக்கே தெரியும். பழைய காப்பி ஸ்டோரைப் பலகைக்காக இடிக்கப்போகிறார்கள், இடிக்காமல் அதைப் பள்ளிக்கூடமாகத் தரவேண்டும் என்று கேட்டிருந்தோம். நாற்பத்தொரு பிள்ளைகள் மரத்தடியில் படிக்கிறார்கள், மழை வந்தால் படிப்பு அத்தோடு சரி. நான் தமிழில் எழுதினேன், நீ ஆங்கிலத்தில் அழகாக மாற்றி அனுப்பினாய். ஆனால் துரையின் மனைவி துரைசாணியைப் பற்றி 'பிடியானை போல் நடந்து வந்த தாயே' என்று நான் எழுதியதை எடுத்துவிட்டு, 'தேவதை போல' என்று போட்டிருந்தாய். அது எனக்கு மனசு ஒப்பவே இல்லை அம்மா. தேவதைக்குக் கால் தரையில் படாது. இந்த அம்மாள் போன மார்கழியில் பாதை சரிந்து கிடந்தபோது மருந்துப் பெட்டியோடு முழங்கால் சேற்றில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கி வந்தவள். ஆகவே தர்மலிங்கம் கிளாக்கரைப் பிடித்து, உனக்குச் சொல்லாமல், யானையைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டேன். என் எழுத்து என்ற கர்வமும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். கிளாக்கர் ஆங்கிலத்தில் கணீரென்று வாசித்தார். யானை வந்ததும் துரையின் முகம் கடுத்துவிட்டது, துரைசாணிக்கோ முகமெல்லாம் சிவந்து அந்தச் சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கிற்று. அவர்கள் ஊரில் பெண்ணை யானை என்றால் பருமன் என்று ஏசுவதாம், அதைக் கிளாக்கர் அப்போதுதான் என் காதில் சொல்கிறார், எப்படி இருக்கும் எனக்கு. துரை கையை நீட்டிப் பத்திரத்தை வாங்கி நாலாக மடித்தார். வேண்டுகோள் இன்னும் வாசிக்கவே இல்லை. ஸ்டோர் போயிற்று, நாற்பத்தொரு பிள்ளைகளையும் என் கர்வத்தால் மழையில் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கருப்பம்மா, நம் மேல் லயத்தில் குடியிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், பத்திரத்தை நான் தமிழில் எழுதி வாசித்தபோதே கேட்டிருந்தவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். துரைக்கு நம் தமிழ் தெரியும் அல்லவா, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "மழையில இந்தச் சரிவுல யானை ஒண்ணுதாங்க சறுக்காம எறங்கும். நம்ம ரோட்டையே யானை போன தடத்துலதாங்க வெட்டுனாங்க. எம் புள்ளைக்கு மருந்து கொண்டாந்த அன்னிக்கு அம்மா காலு ஒரு எடத்துலயும் சறுக்கலைங்க. அதத்தாங்க கணக்கப்பிள்ளை எழுதியிருக்காரு."

துரை அதை மனைவிக்கு மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் கருப்பம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கும் வரை சிரித்தாள், பெரட்டுக் களமே சேர்ந்து சிரித்தது. துரையின் கையிலிருந்து பத்திரத்தை வாங்கித் தானே பிரித்து, யானை வந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள், அப்படியே கடைசி வரை. ஸ்டோரை இடிப்பதில்லை என்று துரை அங்கேயே சொல்லிவிட்டார். தை பிறந்ததும் பள்ளிக்கூடம். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு இன்றுவரை கேலி பண்ணுகிறாள்.

நீ தேவதை என்று போட்டதும் தப்பில்லை மகளே, கேட்கிறவர்கள் யார் என்று உனக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. புதுப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் யார் என்று துரைசாணி கேட்டாள். என் மகள் பரீட்சை எழுதி முடித்து வருவாள் என்று சொல்லியிருக்கிறேன். நாற்பத்தொரு பிள்ளைகளும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும், நன்றாகத் தேறி வா. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பரீட்சையில் உவமைக்கு உதாரணம் கேட்டால் யானையை எழுதிவைக்காதே, திருத்துகிறவர் பக்கத்தில் கருப்பம்மா நிற்கமாட்டாள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
கணக்கப்பிள்ளை அழகர்