எங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூடு

அக்டோபர் 10, வியாழக்கிழமை

அன்புள்ள ஹார்லனுக்கு,

டார்லா எழுதுவது. நலமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதும் இல்லை. ஒன்பது நாளாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. உன் தங்கை ஒப்பல்தான் நேற்று எல்லாம் சொன்னாள். உங்கள் ஊர்ப் படகுத்துறையில் வண்டியை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாயாம். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு விஸ்கி பாட்டில் இருக்கிறதாம். "இன்னும் மூடி திறக்கல அண்ணி. ஆனா அண்ணன் அதையேதான் பாத்துட்டு உக்காந்திருக்கு" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை அவளுக்கு அனுப்பி, பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறேன். எதைத் திறப்பதானாலும் முதலில் இதைத் திற. நாலு பக்கம்தான். அதுவரை அந்தப் பாட்டில் எங்கும் ஓடிவிடாது.

ஜூனியைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். டுவைட்டின் குழந்தை இன்னும் டென்வர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்கிறார்கள். காய்ச்சல் காலையில் இறங்குகிறது, சாயங்காலம் ஏறிவிடுகிறது. ஆறு வயசுக் கை, ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்துக் கிடக்கிறது. ஊர் முழுக்கத் தீயை அணைக்கிற டுவைட், அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறான். தீயணைப்புப் படை விருந்தில் நம் கோழியைச் சாப்பிட்டுப் படுத்த மற்ற பத்துப் பேரும் எழுந்துவிட்டார்கள். இந்தக் குழந்தை மட்டும் எழவில்லை.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்டதை எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் தாண்டிப் போனால் மீதியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. டுவைட், அவன் பெண்டாட்டி, படைக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது, "உண்மையச் சொல்லு ஹார்லன், அன்னிக்குக் குடிச்சியா?" என்று கேட்டேன். மூன்று வருஷமாக ஒரு சொட்டுத் தொடாதவனைப் பார்த்துக் கேட்டேன். நீ வீட்டுச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாய். நான் கேட்டதே போதும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கட்டினவளே கேட்கிறாள் என்றால் இருக்காதா பின்னே என்றார்கள். என் வாய்க்குப் பூட்டு போட ஆள் இல்லாமல் போயிற்று.

இனி சொல்வதைக் கவனமாகப் படி.

நேற்று முன்தினம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மக்ரோனி வேகவைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த வேலைக்காரி பெட்டியைப் பார்த்து, "ஏழு நிமிஷம்னு போட்டிருக்கு, எடுத்துரவா?" என்று கேட்டாள். "அது கீழ இருக்கிறவங்களுக்கு. இங்க பதினொண்ணு ஆகும். மலைமேல தண்ணி சூடாகுறதுக்குள்ள கொதிச்சிடும்" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். பத்தாயிரம் அடி உயரத்தில் பிறந்து வளர்ந்தவள், என் அம்மா இடுப்பில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்த விஷயம். சொல்லி வாயை மூடவில்லை, கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினேன்.

விருந்துக்கு முந்தின நாள் ஞாபகம் இருக்கிறதா? கோழி வேகவைக்கிற புகையடுப்பின் ஒயரை எலி கடித்துவிட்டது என்று புதுக் கன்ட்ரோலர் வாங்கி மாட்டினாய். மரக் குச்சியைத் தானே அடுப்புக்குள் தள்ளி, சொன்ன சூட்டில் நிறுத்திவைக்கிற அந்தப் பெட்டியை நம்பும் முன் சோதிக்காமல் விடமாட்டாய். படைக்காரர்கள் உன்னை "டாக்டர்" என்று கிண்டல் செய்வதே அதனால்தானே. "டாக்டர், கோழிக்கு இப்ப காய்ச்சல் எவ்வளவு?" என்பான் டுவைட். எப்போதும் அதன் சூடு பார்க்கும் கம்பியை ஐஸில்தான் வைத்துப் பார்ப்பாய். அன்றைக்கு ஐஸ் முழுக்கக் கோழிப் பெட்டிகளுக்குள் போய்விட்டது. "ஒரு பானை தண்ணி கொதிக்க வை" என்று என்னிடம் சொன்னாய். வைத்தேன். "நல்லாக் கொதிச்சிருச்சா?" என்றாய். "தளதளன்னு கொதிக்குது, வா" என்றேன்.

கம்பியை விட்டாய், 194 ஃபாரன்ஹீட் காட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டு காட்ட வேண்டும் என்றாய், உங்கள் கடற்கரையில் அதுதானே கணக்கு. கைத் தெர்மாமீட்டரை விட்டாய், அதுவும் 194. "பாரேன், ரெண்டும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்கு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன் ஹார்லன். அதன் மறையைத் திருகினாய், கன்ட்ரோலரில் பதினெட்டைக் கூட்டினாய், இரண்டும் 212 காட்டின. நான் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். பீன்ஸ் வேகாது, கேக் எழும்பாது என்று உனக்கு இரண்டு வருஷமாகப் பாடம் எடுத்தவள், அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. வராந்தாவில் மட்டும் திறந்தேன்.

வீட்டுக்கு ஓடி வந்து அந்தக் கம்பியை ஐஸ் தண்ணீரில் போட்டேன். ஐம்பது காட்டியது. ஐஸ் எங்கேயாவது ஐம்பது டிகிரியில் இருக்குமா? முப்பத்திரண்டு இருக்க வேண்டும். பதினெட்டு கூடுதல். நம் மலையில் தண்ணீர் 194-லேயே கொதித்துவிடும், கம்பி முதலில் சரியாகத்தான் காட்டியிருக்கிறது.  கிருமி சாகிற சூடு என்று நீ 165 பார்த்து எடுத்த கோழி 147தான் ஏறியிருந்தது. எலும்பு ஒட்டிய இடம் அதற்கும் கீழேதான் இருந்திருக்கும். இந்த அடுப்பு இன்றைக்கு ஏன் இவ்வளவு சோம்பலாக இருக்கிறது என்று நீ அன்று முழுக்கப் புலம்பினாய், அதுவும் இதனால்தான். உள்ளே சிவப்பாக இருந்ததைப் பார்த்தும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புகை போட்ட கறி சிவப்பாகத்தான் இருக்கும் என்று நாமே ஊருக்குச் சொல்லிவைத்திருந்தோம்.

இன்று காலை மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர்டேகா என்ற அம்மாள் வந்தார். அவருக்கு முன்னால் மறுபடி ஐஸிலும் கொதிநீரிலும் கம்பியை வைத்துக் காட்டினேன். பதினெட்டு என்ற அந்த எண்ணை நான் தொடவில்லை. "இத சமைச்சவர் போதையில இருந்தார்னு எழுதி வெச்சிருக்காங்களே" என்று தாளைப் புரட்டினார். "அத அடிச்சிருங்க. தண்ணி காய்ச்சினது நான். எழுதிக்கோங்க" என்றேன். எழுதிக்கொண்டார். கன்ட்ரோலரைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்துப் போனார்.

அவர் போனதும் நேராக டென்வர் போனேன். டுவைட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையின் காலில் போர்வையை இழுத்து மூடினான். பிறகு, "எனக்குக் கோவம் வருது டார்லா. இல்லாத ஆள் மேல எத்தன நாள் கோவப்படுறது? வந்து என் முன்னால நிக்கச் சொல்லு" என்றான். மன்னிப்பதாக அவன் சொல்லவில்லை. உனக்கு ஆசை காட்ட நான் பொய் எழுத மாட்டேன். ஜூனி பிழைப்பாள் என்றும் எழுத முடியவில்லை. இந்த வரி எழுதும்போது அவளுக்கு நூற்று மூன்று.

ஒன்று மட்டும் உறுதி. உன் கை நடுங்கவில்லை. உன் தலை தெளிவாக இருந்தது. இந்த ஊர்த் தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீ குடித்ததாக நினைத்தவர்களில் முதல் ஆள் நான். நீயே உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அந்தச் சந்தேகத்தை உனக்குள் போட்டதும் நான்தான்.  நீ கொடுத்துவிட்டுப் போன சாவியை, நான் வைத்த இடத்தை விட்டு நகர்த்தக்கூடக் கை வரவில்லை ஹார்லன்.

ஒப்பல் இரண்டு நாளுக்கு ரொட்டியும் கறியும் கட்டித் தருகிறேன் என்றிருக்கிறாள். வாங்கிக்கொள். மலை ஏறும்போது பனி இருக்கும், மெதுவாக வா. டுவைட் முன்னால் நீ நிற்கும்போது உன் பக்கத்தில் நானும் நிற்பேன். அவன் என்ன சொன்னாலும் இரண்டு பேரும் கேட்டுக்கொள்வோம்.

பாட்டிலை மூடியோடு கொண்டு வந்தாயானால் இந்த ஜன்மத்துக்கு வேறொன்றும் கேட்க மாட்டேன். இந்தக் கடிதம் பிந்திவிட்டதென்றால், மூடி திறந்திருந்தாலும் வா.

உன் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
டார்லா