படகு என் பேரில், பாடு யார் பேரில்?

என் ஆசை நைனாவுக்கு,

நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுண்ணாம்புக்குளத்து வேலு, உனக்குத் தெரிந்தவன்தான். நம் வீட்டோடு வந்து இருப்பதாகப் பேச்சு. எனக்குத்தான் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அக்கா கல்யாணத்தில் நீ கொடுத்த இன்ஜினையும் வலையையும் அவள் புருஷன் விற்றுத் தின்றார். கேட்டதற்கு, "எழுத்து இருக்குதா?" என்று நம் வாசலிலேயே நின்று கேட்டார். நீ மறு மாசமே படகை என் பேருக்கு மாற்றினாய். அக்கா திரும்பி வந்து கூலிக்கு இறால் உரிக்கிறாள்.

அதனால்தான் பொன்னேரிக்குப் போய் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். தாலிக்கு முன்னால் ஒப்பந்தம் போட முடியுமா என்று கேட்டேன்.

"அந்த மாதிரி ஒப்பந்தத்த நம்மூரு கோர்ட்டு அப்படியே ஒத்துக்கும்னு நம்பாத. ஆனா இப்ப உன் பேர்ல இருக்கறதும், உனக்குப் போடற நகையும் உன்னோடதுதான். பட்டியல் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பில்ல பத்திரமா வை. நாளைக்கு யாராவது இல்லன்னு சொன்னா காட்டலாம்."

எழுதினேன். படகு, இன்ஜின், ஐஸ் பெட்டி, இறால் வலை, நண்டு வலை, அம்மா போடும் நகை. வேலுவின் அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"இன்னாம்மா, தாலி ஏறங்காட்டியும் தகராறுக்கு நாள் குறிக்கிறியா?"

நம் அம்மா என் தொடையில் கிள்ளினாள். "சும்மா இருடி, வந்த சம்பந்தம் போயிடும்."

"போனா போவட்டும். படகு போவாது."

வேலு மட்டும் பட்டியலை இரண்டு தடவை படித்தான்.

"இன்னா, பாதிதான் எழுதிக்கீற?"

"எது உட்டுப்போச்சு?"

"பாடு."

பாடு என்றால் உனக்குத் தெரியாததா, நைனா? சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் ஏரியில் இன்ன இடத்தில் வலை விடலாம் என்று ஊர் நம் வீட்டுக்குக் கொடுக்கிற முறை. அதைச் சொத்து என்று நான் நினைத்ததே இல்லை. பெண் பேரில் அது வராது. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில், வீட்டோடு வந்த மருமகனுக்குத்தான். இதுவரை உன் பேரிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். தாலி ஏறினால் அவன் பேருக்குப் போய்விடும். பாடு இல்லாத படகைக் கரையில் ஏற்றிவைத்து நான் என்ன செய்ய?

"அப்போ அதையும் நீயே எழுதிக் குடு" என்றேன்.

"குடுக்கலாம். ஊரு ஒத்துக்காம உம்பேப்பர இன்னா பண்ணுவ, வலையில கட்டுவியா?"

"உனுக்கு சிரிப்பா கீதா?"

"நான் சொல்லாமயே இருந்திருக்கலாம். சொன்னேனா இல்லியா?"

சொன்னான். அதுதான் என்னைக் குடைகிறது. நல்லவன் என்பதாலா? இல்லை, எப்படியும் தனக்குத்தான் வரும் என்ற தைரியமா?

நேற்று இரண்டு பேருமே ஊர்ப் பெரியவர்களிடம் போனோம். அவன்தான் முதலில் பேசினான். "பாடு எம்பேர்ல வரட்டும். நான் இந்த வூட்ட உட்டுப் போனா அது எங்கூட வராது. ஊர் நோட்டுல அத எழுதுங்க."

"கல்யாணமே ஆவல, அதுக்குள்ள பிரியற பேச்சா? இந்த மாதிரி எப்பவும் எழுதனதில்லியே" என்றார் தலைவர்.

"எழுதாததாலதான் எங்கக்கா இறால் உரிக்குது" என்றேன்.

"பொண்ணுக்கு வாயப் பாரு" என்று யாரோ பின்னால் முனகினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஊர் கூடி முடிவு சொல்லும். அந்த வரி நோட்டில் ஏறினால் மறுநாள் கழுத்தை நீட்டுவேன். ஏறாவிட்டால் பந்தல்காரருக்கு நானே போன் போட்டு நிறுத்துவேன். வேலுவிடம் சொல்லிவிட்டேன். "எழுதற வரைக்கும் காத்துக்கினு இருக்கேன்" என்றான். அவனை எனக்குப் பிடித்திருக்கிறது, நைனா. அதனால்தான் பயமும் அதிகமாக இருக்கிறது.

பிடித்திருக்கிறது என்பதற்காக ஏரியை விட்டுக்கொடுக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் சின்ன மகள்,
கௌரி