வழிகாட்டியை எண்ணுவதில்லை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதிக்கொள்வது. கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அப்படியே இரு, கால் வலி மட்டும் வேண்டாம். நீ போன் ஒயரைப் பிடுங்கிப் போட்டு மூன்று வருஷமாகிறது. இந்தக் காலத்தில் கூடப்பிறந்தவளுக்குத் தபால் எழுதுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அத்தான் பார்த்த அதே பிரிவு. உடனே முகத்தைத் தூக்காதே. வருகிறவர்களுக்கு ஆய்வு மையங்களைச் சுற்றிக் காட்ட வேண்டும். முதலில் மண் ஆய்வு மையம், பிறகு விதைக் காப்பகம், கடைசியாக ஒலியியல் மையத்துச் சத்தமில்லாத அறை. அந்த அறைச் சுவரெல்லாம் பஞ்சுக் கூம்புகள். பேசினால் குரல் உதட்டைத் தாண்டியதும் செத்துவிடுகிறது. அங்கே ஒரு நிமிஷம் விளக்கை அணைப்போம். அவரவர் நெஞ்சடிப்பு அவரவருக்குக் கேட்கும்.

இங்கே முன்னால் போகிற வழிகாட்டிக்குத் 'தலை' என்று பெயர், பின்னால் வந்து கதவுகளைச் சாத்துகிறவருக்கு 'வால்'. அத்தான் வால். அவருக்குப் பிறகு வாலுக்கு ஆள் போடவில்லை, நானே இரண்டும். ஒவ்வொரு கதவிலும் மஞ்சள் அட்டை மாட்டிய பார்வையாளர்கள் பன்னிரண்டு பேரையும் எண்ண வேண்டும். நீல அட்டை வழிகாட்டிக்கு, அவரை எண்ணுவதில்லை. எங்கள் மேற்பார்வையாளரிடம் அத்தானைப் பற்றிக் கேட்டேன். "அன்னைக்கும் எண்ணிக்கை சரியாத்தாம்மா இருந்தது. பன்னெண்டு பேர் போனாங்க, பன்னெண்டு பேர் வந்தாங்க. அவரைக் காணோம்னு சாயங்காலம்தான் தெரிஞ்சது" என்றார்.

ஒரு விஷயம், பயப்படாதே. கதவைச் சாத்த நான் பின்னால் ஓடுகிறேன். போய்ப் பார்த்தால் ஏற்கெனவே சாத்தியிருக்கிறது. வந்தவர்கள் எழுதித் தருகிற கருத்துப் படிவங்களை நேற்று புரட்டினேன். ஏழு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: "இரண்டு வழிகாட்டிகளும் அருமை."

பதில் போடு.
உன் தங்கை


ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. வேறு வேலையே கிடைக்கவில்லையா உனக்கு? சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டு, முகத்தைத் தூக்காதே என்று புத்தி வேறு. சின்ன வயசிலிருந்தே வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்கிறவள் நீ.

அவர் எவளோடோ ஓடிவிட்டார் என்று ஊரே சொல்லிவிட்டது. போலீஸ்காரரும் அதைத்தான் சொன்னார். அந்தக் கட்டடங்களைச் சல்லடை போட்டுத் தேடியும் ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. மூன்று வருஷமாக இந்த ஒரு கேள்விதான் என்னை அரிக்கிறது. என்னை வேண்டாமென்று போனாரா, இல்லையா? இல்லை என்று தெரிந்தால் போதும், மிச்ச நாளை ஓட்டிவிடுவேன்.

என்னிடம் விளையாடாதே. விளையாட்டில்லை என்றால், அந்த இன்னொரு வழிகாட்டி என்ன பேசினார் என்று கேட்டு எழுது. கேட்டதைக் கேட்டபடியே எழுது, உன் மசாலா வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மசாலா இல்லாமல் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை வந்த குழுவில் கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் இருந்தார். வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பின்னாடி வந்த சாரா? பழுப்பு ஸ்வெட்டர், முழங்கையில தையல் போட்டிருந்தது. நல்ல தமாஷ் பேர்வழி" என்றார். சத்தமில்லாத அறையில் அவர் சொன்னாராம்: "வீட்டுல ஒரு தடவை திட்டினா நாலு சுவரும் கூடச் சேர்ந்து திட்டும். இங்க ஒரு தடவைதான் கேக்கும். புருஷன்மாருக்குன்னே கட்டின ரூம் இது."

நான் ஒருமுறைகூட அவரை இங்கே பார்த்ததில்லை, அக்கா. திரும்பினால் கடைசியில் மஞ்சள் அட்டைக்காரர்தான் நிற்கிறார்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். வெளியே வரும்போது, "நீங்க வரலையா சார்?" என்று இவர் கேட்டாராம். அவர் சிரித்துவிட்டு, "வீட்டுல வரவேணாம்னு சொல்லியிருக்காங்க" என்றாராம்.

இதற்கு என்ன அர்த்தம்? உனக்குத் தெரியுமா?

உன் தங்கை


ஜூன் 24

தங்கச்சிக்கு,

தெரியும். என் ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அன்று காலையில் சண்டை. ஒன்றுமில்லாத விஷயம், ஜன்னலைச் சாத்தினாயா சாத்தவில்லையா என்று ஆரம்பித்தது. ஊரார் கதவையெல்லாம் சாத்துகிற மனுஷனுக்கு வீட்டு ஜன்னல் நினைவிருக்காது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அந்தச் சத்தமில்லாத ரூம்லயே இருந்துக்குங்க. இந்தப் பக்கம் வரவே வேணாம்" என்று சொன்னேன். அவர் விறுவிறுவென்று கிளம்பினார். நீல அட்டையைக்கூட மறந்துவிட்டுப் போனார். அந்த ஸ்வெட்டரில் தையல் போட்டது நான்தான்.

ஓடிப்போகவில்லையடி. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பேச்சுக் கேட்டதில்லை, இதைப் போய்க் கேட்டிருக்கிறார் பார், பாவி மனுஷன்.

வியாழக்கிழமை வருகிறேன். வரவேண்டாம் என்று சொன்னவள்தான் வா என்றும் சொல்ல வேண்டும். எனக்கு மஞ்சள் அட்டை தராதே. நான் வேடிக்கை பார்க்க வரவில்லை. அவருடைய நீல அட்டையை மாட்டிக்கொண்டு கடைசியில் வருவேன். நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டு முன்னால் போ. திரும்பித் திரும்பிப் பார்க்காதே, அவருக்குக் கூச்சம் அதிகம்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

உன் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா, "வியாழக்கிழமை காலையில போனவதான், புதுப் புடவை கட்டிக்கிட்டுப் போனா" என்கிறார். இந்தக் கடிதத்தை உன் வீட்டு முகவரிக்கு அனுப்பப் போவதில்லை. எங்கே வைக்கப்போகிறேன் என்று உனக்கே தெரியும்.

அன்று நடந்ததை நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மண் மையத்தில் நீ கடைசியில் நின்றாய், பார்த்தேன். விதைக் காப்பகத்தில் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாய், அதையும் பார்த்தேன். ஒலியியல் மையத்தில் விளக்கை அணைத்தேன். இருட்டில் உன் குரல் கேட்டது: "ஏங்க, போதுங்க. வாங்க வீட்டுக்குப் போலாம்." பிறகு ஓர் ஆம்பளைக் குரல், காதுக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி: "இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க. ரெண்டு நிமிஷம் உக்காரு, போலாம்."

குழுவில் யாரோ பெரியவர் உன்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். விளக்கைப் போட்டு, நீ சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல், கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன். பன்னிரண்டு மஞ்சள் அட்டை. சரியாக இருந்தது. கதவு எனக்குப் பின்னால் தானே சாத்திக்கொண்டது. பூட்டிக் கையெழுத்துப் போட்டேன். வழிகாட்டிகள் அறைக்குப் போய் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி ஆற்றினேன். என்னுடையதைக் குடித்து முடித்த பிறகுதான் அடுத்த டம்ளரைப் பார்த்தேன்.

உன்னை நான் எண்ணவில்லை, அக்கா. நீல அட்டை மாட்டியிருந்தாய், கை பழகிப்போய் விட்டுவிட்டது. கூடப்பிறந்தவளையே எண்ணாமல் விட்டவள் நான். ஓடிப்போய்த் திறந்தேன். கூம்புகளும் நாலு சுவரும்தான் இருந்தன. மேற்பார்வையாளர் பதிவேட்டைக் காட்டி, "எண்ணிக்கை சரியா இருக்கேம்மா" என்றார். அன்றைக்கு அத்தானைப் பற்றிச் சொன்ன அதே பேச்சு, அதே குரல்.

அழுதேன். உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு வரத்தானே போனாய்? எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

நேற்று வந்த படிவங்களில் ஒன்று இது: "முன்னால் போனவர் விவரமாகப் பேசினார். பின்னால் வந்த கணவனும் மனைவியும் ஏதோ ஜன்னலைப் பற்றி வழியெல்லாம் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது." நீ சிரித்து நான் கேட்டு மூன்று வருஷமாகிறது. அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை கடைசிச் சுற்று. விளக்கை அணைக்கிற அந்த ஒரு நிமிஷத்தில் உன்னைக் கூப்பிட்டால் என்ன என்று ராப்பகலாக யோசித்தேன். கூப்பிடப்போவதில்லை. கூப்பிட்டால் நீ, "இவ்வளவு தூரம் வந்திருக்கே, உக்காரு" என்பாய். நீ சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்?

அதனால் நாளைக்கு நீல அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வருவேன். வெளியே வரும்போது பதின்மூன்று வரை எண்ணுவேன். பதின்மூன்றாவது நான்.

கதவை நீங்களே சாத்திக்கொள்ளுங்கள்.

உன் தங்கை