கையில் சுற்றிய கயிறு

மச்சானுக்கு,

ஈஜிபுராவில் உன் வீட்டு வாசல்வரை வந்து இரண்டு முறை திரும்பிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

தப்பி ஓடும் வண்டிகளின் டயரைக் கிழிக்கும் முள்பட்டையைக் கயிற்றால் சாலையில் இழுத்துப் போட, போலீஸ்காரர்களுக்கு இப்போது நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். மாற்றல் கேட்டால், "நீங்க சொன்னாதான் ரீ மனசுல நிக்குது" என்கிறார் கன்னடக்கார இன்ஸ்பெக்டர்.

வகுப்பில் நான் சொல்வது உன் கதை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்ட ஒருவரின் மூன்று விரல்களை, பட்டையை இழுத்துக்கொண்டு ஓடிய கார் பறித்துப் போன கதை.

இன்று ஒரு பெண் கான்ஸ்டபிள், "சுத்திக்கச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டார்.

"அவராத்தான் சுத்திக்கிட்டாரு" என்றேன். ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

மழையில் கயிறு வழுக்குகிறது என்று நீ கத்தியபோது நான் சொன்ன பதிலை நீ இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லிவிடு மச்சான். நாளைக்கும் வகுப்பு இருக்கிறது.

அன்று உன்னோடு டியூட்டியில் இருந்தவன்