கீல் வைத்த ஜன்னல்

சார்,

பக்கத்துத் தெருவில் புதிதாக வீடு கட்டுகிறார்கள். காலையில் பூச்சுக்குத் தண்ணீர் ஊற்றியபோது கிளம்பிய ஈரச் சிமெண்டு வாசனை என் அடுப்படிவரை வந்துவிட்டது. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் ஞாபகம்தான். வேறு எந்த வாசனைக்கும் நான் வேலையை நிறுத்துகிறவள் இல்லை.

நாங்கள் பதினொரு குடும்பமும் அரியலூரை ஒட்டி ஜெயங்கொண்டம் ரோட்டோரம் கூரைக் கொட்டகையில் இருந்த காலம் அது. அரசாங்கப் பணத்தில் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். ஓவர்சியராக நீங்கள் வந்தீர்கள். அஸ்திவாரம், லிண்டல் மட்டம், தளம், கடைசியில் பூச்சு என்று ஒவ்வொன்றும் முடிந்ததும் நீங்கள் அளந்து பார்த்து, வீட்டுக்காரியை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தால்தான் அந்தத் தவணை பேங்குக்கு வரும். முதல் படத்துக்கு நான் நின்றதைப் பார்த்து, "வூடு கட்டறீங்கம்மா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்களே" என்றீர்கள். முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னீர்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டீர்கள். பையில் உங்கள் பாட்டில் இருக்கும்.

எனக்கு இருந்த பயம் உங்களுக்குத் தெரியாது. கொட்டகை வாசலில்தான் நான் இட்லிக்கடை வைத்திருந்தேன். சிமெண்டு லாரி டிரைவர்களும் டவுன் பஸ் பிடிக்க வருகிறவர்களும்தான் என் பிழைப்பு. நீங்கள் கொடுத்த வரைபடத்தில் கூடம் இருந்தது, அறை இருந்தது, சமையலறை இருந்தது. கடைக்கு இடம் இல்லை. குடியிருக்க மட்டும்தான், கடை வைக்கக் கூடாது என்று காகிதத்திலேயே போட்டிருந்தது. வீடு வரும், சோறு போகும். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

கொத்தனாரிடம் ரகசியமாகச் சொல்லி, ரோட்டைப் பார்த்து ஐந்தடி அகலத்துக்கு ஒரு ஜன்னல் வைத்தேன். அதற்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு கடப்பாக் கல். லிண்டல் மட்டத்துக்குப் படம் எடுக்க வந்தவர் அதன் முன்னால் நின்றுவிட்டீர்கள்.

"இது என்னம்மா?"

"ஜன்னல் சார்."

"இவ்ளோ பெருசாவா?"

"வெக்கை தாங்கல சார். காத்து வரட்டும்னுதான்."

"வர்ற காத்து உக்காரதுக்கா கல்லு போட்டிருக்கீங்க?"

படம் எடுக்காமலே போய்விட்டீர்கள். மூன்று நாள் உங்களை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன் சார். நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லத் தைரியம் வரவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். நாலாம் நாள் நீங்களாகவே வந்து நின்றீர்கள்.

"விதியை மறுபடி படிச்சுப் பாத்தேம்மா. ஜன்னல் இவ்வளவு அகலம்தான் இருக்கணும்னு எங்கயும் எழுதல. கிரில் போடணும்னு இருக்கு. அந்தக் கிரில்லுக்குக் கீல் வைக்கக் கூடாதுன்னு இல்ல. கல்லை மட்டும் உள்பக்கமாத் தள்ளிப் போட்டுக்குங்க."

அன்றைக்கு எடுத்த படத்தில் என் பல் முப்பத்திரண்டும் தெரியும். ஒரு மாதத்துக்குள் மற்ற பத்து வீட்டு ஜன்னலுக்கும் கீல் வந்துவிட்டது.

கடைசித் தவணை வருகிற நேரத்தில், வீட்டில் கடை நடத்துகிறோம் என்று யாரோ மனு போட்டுவிட்டார்கள். பெரிய ஆபீசரே பார்க்க வந்தார். நாங்கள் எல்லாக் கிரில்லையும் சாத்தி, அதன்மேல் புடவையைக் காயப்போட்டுவிட்டு உள்ளே இருந்தோம். சலவைச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, நீங்கள் அவர் பின்னால் நடந்தீர்கள். பத்து வீட்டையும் பார்த்துவிட்டு என் வாசலுக்கு வந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சுகர் வேற இருக்கு. காலைல சாப்பிடாமக் கெளம்பிட்டேன். இங்க டிபன் எங்கங்க கிடைக்கும்?" என்று உங்களைக் கேட்டார்.

"டவுனுக்குத்தான் போகணும் சார்" என்றீர்கள்.

உள்ளே என் கை சும்மா இருக்கவில்லை. பசி என்று ஒரு மனுஷன் சொன்ன பிறகு எப்படிச் சும்மா இருப்பது? புடவையை ஒதுக்கி, கிரில்லைத் திறந்து, நாலு இட்லியும் சாம்பாருமாகத் தட்டை நீட்டிவிட்டேன். உங்கள் முகம் செத்துப்போனதை அப்புறம்தான் பார்த்தேன். அவர் நிதானமாகச் சாப்பிட்டார், சட்னி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு பர்சை எடுத்தார்.

"எவ்ளோம்மா?"

விலை சொன்னால் அது கடை. பதினொரு வீட்டுப் பணமும் நிற்கும், உங்கள் வேலைக்கும் ஆபத்து.

"வூட்டுக்கு வந்தவங்ககிட்ட யாராச்சும் காசு வாங்குவாங்களா சார்?"

அவர் கீலைப் பார்த்தார். உள்ளே அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தார். "நாலு பேர் இருக்கிற வூட்டுல இவ்ளோ பெரிய இட்லிக் குண்டானா?" என்றார்.

"நல்லா சாப்பிடுற குடும்பம் சார்" என்றீர்கள் நீங்கள், அதே சிரிக்காத முகத்தோடு. அவர்தான் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கு எங்கள் தெருவில் தையல், ஜெராக்ஸ், பூ, மளிகை எல்லாம் ஜன்னலில்தான் நடக்கிறது. ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் 'ஜன்னல் தெரு' என்று கேட்டாலே டிக்கெட் கொடுக்கிறார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே நீங்கள் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் ஜன்னலில் நின்றீர்கள். "இன்னியிலேருந்து நான் ஓவர்சியர் இல்லம்மா. நாலு இட்லி குடுங்க, காசும் வாங்கிக்குங்க" என்றீர்கள். அத்தனை வருஷத்தில் எங்கள் தெருவில் நீங்கள் வாய் நனைத்தது அன்றுதான். காசை வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

நீங்கள் போய்விட்ட சேதி எங்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. கேட்டதும் கிரில்லை இழுத்துச் சாத்தினேன். பார்த்துவிட்டுத் தையல்காரி சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் பதினொன்றும் சாத்தியாகிவிட்டது, யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நீங்கள் அன்று கொண்டுவந்த வரைபடத்தில் இருந்த மாதிரியே தெரு இருந்தது. ஒரு லாரி டிரைவர் வந்து கிரில்லைத் தட்டினார்.

"என்னக்கா, கடை இல்லியா?"

"இல்லண்ணே. இன்னிக்கி இது வூடு மட்டும்தான்."

இப்போதெல்லாம் யாராவது முடியாது என்று சொல்லிவிட்டுப் போனால் நான் உடனே திட்டுவதில்லை சார். படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற மனுஷரும் உண்டு என்று மூன்று நாள் பொறுத்துக்கொள்கிறேன். வராவிட்டால் நாலாம் நாள் திட்டிக்கொள்ளலாம்.